சம்பந்தி கொடுத்த திரை

சாயங்காலம் ஆனால் என் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். பகலெல்லாம் அந்தக் கால் ஒழுங்காகத்தான் இருக்கும். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று தனியாக வைத்திருக்கும் பிரேக்கை எப்போது மிதிப்பது என்று காத்திருப்பதுதான் அந்தக் காலின் உத்தியோகம். பிஷ்கெக் நகரத்தில் பாதிப் பேருக்கு நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்வேன். எங்கள் ஊர்ச் சாலைகளைப் பார்த்தவர்கள் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதில்லை.

சாயங்காலம் ஆனால் சம்பந்தி வருவார். நேரில் அல்ல. அவர் இருப்பது மலைகளுக்கு அந்தப் பக்கம், கொச்கோரில். கம்ப்யூட்டரில் வருவார். ஆளுக்கொரு லாரியை எடுத்துக்கொண்டு, கணவாய்கள் வழியாகச் சரக்கு கொண்டுபோகிற விளையாட்டு அது. அவர் லாரி முன்னால், என் லாரி பின்னால். மாப்பிள்ளையின் அப்பா அல்லவா, விளையாட்டிலும் முன்னால் போகத்தானே வேண்டும்.

பெயர் தொலொமுஷ். குதிரை வைத்தியர். ஒரு குதிரையின் வாயைத் திறந்து பார்த்தே அது எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தது என்று சொல்லிவிடுவார். பெண் கேட்டு முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் வாயையும் அப்படித்தான் பார்த்தார். வானிலை, பெட்ரோல், குதிரை மூன்றையும் தேநீர் ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டோம். அப்புறம் இரண்டு பேரும் மேஜைவிரிப்பில் இருந்த பூக்களை எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் மூலையில் இருந்த என் கம்ப்யூட்டர் அவர் கண்ணில் பட்டது. ஓரம் உடைந்த பழைய திரையில் பாதி வழியில் நின்றிருந்தது என் லாரி. "நீங்களும் ஓட்டுவீங்களா?" என்று கேட்டார். கல்யாணம் நிச்சயமானது அந்த நிமிடம்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் தங்களால்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாணத்தன்று சம்பந்திக்குச் சம்பந்தி மேலங்கி போர்த்துகிற சடங்கு வந்தது. நான் அவருக்கு வெல்வெட் அங்கி போர்த்தினேன். அவர் எனக்கு ஒன்று போர்த்திவிட்டு, இன்னொன்றைப் பிரித்துக் காட்டினார். அதற்குள் ஒரு மானிட்டர் இருந்தது. அகலமானது, லேசாக வளைந்தது. பந்தலே எழுந்து நின்று பார்த்தது. அதே மாதிரி ஒன்றைத் தனக்கும் வாங்கியிருப்பதாகவும், இனிமேல் இரண்டு சம்பந்திகளும் ஒரே சாலையை ஒரே மாதிரி பார்ப்போம் என்றும் மைக்கில் சொன்னார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். சிமிட்டியது.

பகல் காட்சிகளில் ஒன்றும் தெரியாது. புல்வெளி, ஏரி, வானம் எல்லாம் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் விளையாட்டுக்குள் பொழுது சாய்ந்தாலோ, மூடுபனி இறங்கினாலோ, சுரங்கப்பாதை வந்தாலோ போதும். கறுப்பு சாம்பலாகும், சாம்பல் கறுப்பாகும், படபடவென்று, உள்ளேயிருந்து யாரோ கண்ணடிப்பதைப்போல. கொஞ்ச நேரத்தில் என் கண்ணுக்குப் பின்னால் ஒரு ஆணி இறங்க ஆரம்பிக்கும். வாந்தி வருகிற மாதிரி இருக்கும். நாள் முழுக்க புதிதாக ஓட்டுகிறவர்களின் வண்டியில் குலுங்கியும் வராத வாந்தி அது.

சம்பந்தி கொடுத்த பொருள் சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? அவர் வீட்டில் என் மகள் இருக்கிறாள். அவரோ, தான் பார்த்து வாங்கிய குதிரைக்கு நொண்டி என்று யாராவது சொன்னால் அந்தக் குதிரை சாகும்வரை அவர்களோடு பேசாத மனிதர். பெகிமாய் ஒருமுறை போனில், "அப்பா, திரை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பின்னால் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. எல்லோரும் சாப்பாட்டில் இருந்தார்கள். தேன் மாதிரி இருக்கிறது என்றேன்.

ஆக, குற்றவாளி வேறு யாராவதாக இருந்தாக வேண்டும். அதற்குக் கரண்ட் இருந்தது.

எங்கள் புதுக்குடியிருப்பில் குளிர் வந்தால் கரண்டுக்கும் சளி பிடித்துக்கொள்ளும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஹீட்டர் போடுவார்கள், பல்புகள் மஞ்சளாகி முனகும். அதனால் திரை சிமிட்டுவதற்குக் காரணம் கரண்டுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டவனுக்கு வேறெப்படி இருக்கும்? ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினேன். ஆட்டுக்குட்டி அளவு இருந்தது, ஆடு மாதிரியே முனகவும் செய்தது. திரை சிமிட்டியது. கேபிளை மாற்றினேன். சிமிட்டியது. என் மனைவி அனார்குல், கல்யாணத்தில் அத்தனை பேர் பார்த்த பொருள், கண் பட்டிருக்கும் என்று அர்ச்சா என்கிற மலைமரத்தின் இலையைக் கொளுத்தித் திரையைச் சுற்றிப் புகை போட்டாள். புகைக்குள் சிமிட்டியது. பார்க்க இன்னும் பயமாக இருந்தது.

கடைசியில் பக்கத்து வீட்டு ஸ்தால்பெக்கிடம் போனேன். தெருவிலேயே பெரிய ஹீட்டர் அவனுடையதுதான். வெட்கத்தைவிட்டுச் சொன்னேன்: சாயங்காலம் சம்பந்தியோடு விளையாடுகிற நேரத்தில் மட்டும் அதை அணைத்துவைக்க முடியுமா? அவன் என்னைப் பார்த்த பார்வையில், நாளையிலிருந்து இவனை டாக்டரிடம் யார் கூட்டிப்போவது என்ற கவலை தெரிந்தது. பெகிமாய்க்காக என்று சொன்னதும் தலையாட்டினான். அவன் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் அவள்.

ஹீட்டர் அணைந்தது. திரை சிமிட்டியது. அதை நான் ஸ்தால்பெக்கிடம் போய்ச் சொல்லவில்லை. நீங்களாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இதில் சிக்கல் என் கண் அல்ல. எங்களில் கட்டிக்கொடுத்த பெண் தானாகக் கிளம்பிப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட முடியாது. நாங்கள் அழைக்க வேண்டும், சம்பந்தி சரியென்று சொல்லி அனுப்ப வேண்டும். முதல் வருகை அப்படித்தான். இலையுதிர்காலத்திலேயே அழைத்துவிட்டோம். குளிர்காலத்துக்குக் குதிரை அறுக்கிற வேலை முடியட்டும் என்றார் தொலொமுஷ். நியாயம். பிறகு கணவாயில் பனி என்றார். அதுவும் நியாயம். இதற்கிடையே நான் தினமும் சுரங்கப்பாதையில் அவரை அம்போவென்று விட்டுவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தேன். கரண்ட் சரியில்லை சம்பந்தி, தலைவலி சம்பந்தி, விருந்தாள் வந்துட்டாங்க சம்பந்தி. ஒருநாள் ஹெட்போனில் அவர் குரல் ரொம்ப மரியாதையாக வந்தது.

"ஏன் சம்பந்தி, நான் சுரங்கத்துக்குள்ள போனா மட்டும் உங்க ஊர்ல கரண்ட் போகுது?"

பெகிமாய் வருகிற விஷயத்தை அடுத்தமுறை எடுத்தபோது பனியும் இல்லை, குதிரையும் இல்லை. "பாப்போம்" என்றார். அவ்வளவுதான். இந்த 'பாப்போம்' இருக்கிறதே, அதற்கு மேல் பேச்சு ஓடாது, அங்கே சாலையே முடிந்துவிடும்.

அனார்குல் அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்காரவில்லை. மகளுக்காக எடுத்துவைத்த மெத்தைகளைத் தட்டுவதும் மடிப்பதும் மறுபடி பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு, நிமிராமலே சொன்னாள்: "பெத்த பொண்ணுக்காக அந்த மனுஷனோட கொஞ்ச நேரம் சேர்ந்தாப்புல உக்கார முடியல உங்களால."

அடுத்த நாள் முதல் அனார்குல் தைக்கும்போது போடுகிற கண்ணாடி, வெயில் கண்ணாடி, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது எல்லாம் முயன்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதில் சம்பந்தியின் லாரியைப் பின்னாலிருந்து இடித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டேன். ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன்! பள்ளத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வந்திருந்தால் பரவாயில்லை.

அதற்கு அடுத்த வாரம், சொல்லாமல் கொள்ளாமல், நேரிலேயே வந்து இறங்கினார்.

வாசலில் ஜீப்பிலிருந்து குதிரை இறைச்சி மூட்டையை இறக்கி என் கையில் கொடுத்தார். நகரத்தில் மருந்து வாங்கும் வேலை இருந்ததாம். "அப்படியே உங்க கரண்ட்டையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். சிரிக்கவில்லை.

அவரை வாசலுக்கு எதிரே, பெரியவர்கள் உட்காருகிற இடத்தில் உட்காரவைத்தோம். அனார்குல் இறைச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு மாவு பிசைந்தாள். சம்பந்தி வந்திருக்கும்போது பக்கத்து வீட்டை அழைக்காமல் இருக்க முடியாது என்பதால் ஸ்தால்பெக்கையும் அழைத்தேன். அவன் கம்பளிக் கோட்டோடு வந்து, கோட்டோடே உட்கார்ந்தான். வீட்டுக்குள்ளும் கோட்டோடு இருந்து பழகிவிட்டது போல.

தேநீர் கொடுத்தேன். எண்ணெயில் பொரித்த போர்சோக்கைத் தட்டில் குவித்தேன். தேன் வைத்தேன். வெண்ணெய் வைத்தேன். அவர் ஜீப்பின் டயரைப் பற்றிக் கேட்டேன். அவருடைய அண்ணனின் முழங்காலைப் பற்றிக் கேட்டேன். முழங்காலுக்கு அப்புறம் கேட்க எதுவும் மிச்சமில்லை. என் வலது கால் மேஜைக்கடியில் ஆடியதில் கிண்ணத்துத் தேநீரில் அலை வந்தது. அவர் அந்த அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளையாட்டைப் போடச் சொன்னார்.

போட்டேன். பகலாக இருக்கட்டும், பகலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பகல்தான். ஏரிக்கரையோரம் போனேன். நல்லா இருக்கே என்றார். வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். பின்னால் வந்த லாரிகள் ஹார்ன் அடித்தன. சுரங்கப்பாதையைத் தவிர்த்து மேய்ச்சல் நிலத்துக்குள் வண்டியை விட்டேன். "சாலை அங்க இருக்கு சம்பந்தி" என்றார். சுரங்கத்துக்குள் போனேன்.

திரை சிமிட்டியது. அன்றைக்கென்று இன்னும் உற்சாகமாக.

"பாத்தீங்களா, கரண்ட்" என்றேன்.

ஸ்தால்பெக் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அண்ணே, நானும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்து பாத்தேன், முடியல. கரண்ட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க. என் ஹீட்டர் இப்பவும் அணைஞ்சுதான் கெடக்கு. எம் பொண்டாட்டி தொப்பி போட்டுக்கிட்டுச் சமைக்கிறா. வீட்டுக்குள்ள பேசினா வாயில புகை வருது. நாங்க வெறைச்சதுதான் மிச்சம், இது அப்படியேதான் கண்ணடிக்குது."

அடுப்படியில் அனார்குல் மாவு தேய்க்கிற சத்தம் நின்றது.

தொலொமுஷ் திரையைப் பார்த்தார், மூலையில் முனகிக்கொண்டிருந்த ஸ்டெபிலைசரைப் பார்த்தார், ஸ்தால்பெக்கின் கோட்டைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். குதிரையின் வாயைப் பார்க்கிற பார்வை.

"அப்போ நான் குடுத்தது சொத்தைன்னு சொல்றீங்க."

"நான் சொல்லல சம்பந்தி."

"சொல்லல. அதான் பாத்துக்கிட்டு இருக்கேனே." எழுந்தார். தொப்பியைத் தேடினார்.

இறைச்சி அடுப்பில் இருக்கும்போது சம்பந்தி எழுந்து போனால் அப்புறம் இந்த வாசலில் அவர் ஜீப் நிற்காது. பெகிமாய் வருவாளா என்ற கேள்விக்குப் 'பாப்போம்' என்ற பதிலும் கிடைக்காது. தொப்பி என் நாற்காலியின் பின்னால் மாட்டியிருந்தது. எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"எம் பொண்ணு உங்க வீட்ல இருக்கா சம்பந்தி. நீங்க குடுத்தது கண்ணைக் குத்துதுன்னு சொன்னா, அவ நாளைக்கு உங்களுக்குத் தேநீர் ஊத்தறப்ப கை நடுங்கும். அதுக்கு நான் குருடாப் போனாலும் பரவால்லன்னு இருந்தேன். உங்களோட ஓட்டப் பிடிக்காம போகல. ஓட்ட முடியாமத்தான் போனேன்."

அவர் தொப்பிக்காக நீட்டிய கையை மடக்கவில்லை. ஆனால் குரல் இறங்கியிருந்தது. தன் வீட்டிலும் இதே திரைதான், ஒருநாள்கூடச் சிமிட்டியதில்லை, பால் மாதிரி ஓடுகிறது, கொச்கோரில் பாதிப் பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன் என்றார். இப்போதே நிரூபிக்கிறேன் என்று போனை எடுத்து வீட்டுக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்தார். எடுத்தது பெகிமாய். மாப்பிள்ளை தங்கச் சுரங்க வேலைக்குப் போயிருக்கிற வாரம் அது.

தன் கம்ப்யூட்டரைப் போட்டு, சுரங்கப்பாதைக்குள் போய்ப் பார்த்து, சிமிட்டுகிறதா என்று உள்ளபடி சொல்லச் சொன்னார்.

"போட்டுப் பாக்க வேணாம் மாமா. அது நல்லாத்தான் ஓடும்."

"அத இங்க நல்லாக் கேக்கற மாதிரி சொல்லும்மா."

"நல்லாத்தான் ஓடும். நான்... வந்த புதுசுலயே சரி பண்ணி வெச்சுட்டேன்."

வந்த முதல் வாரமே அவர் திரை சிமிட்டுவதைப் பார்த்திருக்கிறாள். அவரும் கரண்ட்டைத் திட்டிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார். மாமனார் பெருமையாக வாங்கிய பொருளில் குறை என்று மருமகள் எப்படிச் சொல்வாள்? மாமனார் பெயரையே வாயால் சொல்லக் கூடாது. அவர் மேய்ச்சலில் இருக்கும் குதிரைகளைப் பார்க்கப் போன நேரத்தில் செட்டிங்ஸைத் திறந்து சரி செய்துவிட்டு, தேநீர் போடப் போய்விட்டாள். அவர் திரும்பிவந்து, பார்த்தாயா, கரண்ட் சரியாகிவிட்டது என்று சொன்னாராம். அப்பாவின் திரை தேன் மாதிரி இருப்பதாக அப்பாவே சொன்னதால், அவரும் சரிசெய்துகொண்டிருப்பார் என்று நினைத்தாளாம்.

தொலொமுஷின் காதுகள் சிவந்தன. கொச்கோரில் கூப்பிட்டுக் காட்டிய பாதிப் பேரும் அந்த நிமிடம் அவர் கண்முன் வரிசையாக வந்து போயிருக்க வேண்டும். ஸ்தால்பெக் கூரையை ஆராய ஆரம்பித்தான்.

"அப்படி என்னதான் கெட்டுப்போச்சு அதுல?" என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

"எதுவும் கெடல மாமா. ரெண்டு திரையும் நல்ல திரைதான். கேம் எந்த வேகத்துல ஓடுதோ அதுக்கேத்த மாதிரி தானும் வேகத்த மாத்திக்கிற ஜாதி அது. கேம் ஏறி எறங்கி ஓடுச்சுன்னா திரையும் ஏறி எறங்கும். அப்ப வெளிச்சம் துளி மாறும். வெயில்ல தெரியாது, இருட்டுல தெரியும். அப்பா, புதுசா ஓட்ட வர்றவங்க ஆக்சிலேட்டர அமுக்கி அமுக்கி விடுவாங்கல்ல, உள்ள இருக்கறவங்க தலை ஆடுமே, அதான். கால ஒரே அளவுல வெச்சா ஆடாது. செட்டிங்ஸ்ல ஃப்ரேமுக்கு, அதான் நொடிக்கு எத்தன படம்கறதுக்கு, உச்சவரம்புன்னு ஒரு வரி இருக்கும். உங்க கம்ப்யூட்டர் எப்பவும் தாங்கற அளவுக்கு அத எறக்கி வைங்க. நிழலோட தரத்தையும் ஒரு படி கொறைங்க. அவ்வளவுதான்."

தலை ஆடுவதைப் பற்றி எனக்கே பாடம்! இருபக்கமும் பிரேக் வைத்த காரில் காலம் தள்ளுகிறவனுக்கு! ஆனால் அவமானப்பட நேரமில்லை. செட்டிங்ஸைத் திறந்தேன். வரி இருந்தது. இத்தனை நாளும் என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறிய குமிழ், அதை இழுத்துக் கீழே விட்டால் போதும். மவுஸை நகர்த்தினேன்.

என் கைமேல் ஒரு கை வந்து விழுந்தது. குதிரைகளின் தாடையைப் பிளக்கிற கை. மவுஸ் அசையவில்லை.

"நிக்கல" என்றார் தொலொமுஷ் போனில்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நீ சொன்னபடியே பண்ணியாச்சும்மா. நிக்கல. இன்னும் சிமிட்டுது. உங்கப்பாவுக்கு இதெல்லாம் வெளங்கல, எனக்கும் வெளங்கல. போன்ல சொல்லிப் புரியற விஷயமா இது?"

"நிழல் தரத்தக் கொறைச்சீங்களா மாமா?"

"கொறைச்சாச்சு. என்ன சம்பந்தி, கொறைச்சாச்சுல்ல?"

"கொறைச்சாச்சு" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "ரொம்பவே கொறைச்சாச்சு."

மறுமுனையில் அமைதி. அனார்குல் மாவுக் கையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். என் கால் மேஜையின் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரியவில்லையோ? மாமனார் சொல்லை நம்பி, இன்னொரு வரி, இன்னொரு குமிழ் என்று போனிலேயே சொல்ல ஆரம்பித்துவிடுவாளோ? கெட்டிக்காரப் பெண்களிடம் இதுதான் பயம், நேர்மையாக உதவி செய்துவிடுவார்கள்.

"எப்படிச் சிமிட்டுது மாமா?" என்று கேட்டாள் கடைசியில். குரலில் ஏதோ அடங்காமல் துள்ளியது.

"மோசமா" என்றார் அவர். "கண்கொண்டு பாக்க முடியல."

"அப்ப நேர்ல பாத்தாத்தான் தெரியும். அதுவும் ஒரு நாள்ல சரியாகுமான்னு சொல்ல முடியாது மாமா. நாலஞ்சு நாள் தங்கிப் பாக்க வேண்டியிருக்கும்."

"ஒரு வாரம் தங்கிப் பாரு. சனிக்கிழமை நானே கொண்டாந்து விடுறேன்."

அனார்குல் போனைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். திரை முழுக்க மாவு. அந்தத் திரையல்ல, போன் திரை.

தொலொமுஷ் என் கையிலிருந்து தன் கையை எடுத்தார். அனார்குல் போன திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்தால்பெக்கிடம், வீட்டுக்குப் போய் ஹீட்டரைப் போட்டுவிட்டு, மனைவியையும் சாப்பிடக் கூட்டிவரச் சொன்னார். அவன் சொன்னதும் ஓடினான்.

"சனிக்கிழமை வரைக்கும் அதத் தொடாதீங்க" என்றார் என்னிடம் தாழ்ந்த குரலில். "வந்து பாக்கறப்ப சிமிட்டணும்."

தொட மாட்டேன் என்றேன். கால் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வரி அங்கேயே இருந்தது, குமிழும் இருந்தது, விரல் அரித்தது. சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை சாயங்காலம் இருக்கிறது என்று நினைத்ததுமே கண்ணுக்குப் பின்னால் ஆணி இறங்கத் தொடங்கியது.

"வண்டிய எடுங்க சம்பந்தி" என்றார். "சுரங்கத்துக்குள்ளயே நிக்கறோம்."